தரையிலிருந்து வந்த வெளிச்சம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. மாமாவைக் கூப்பிட்டால், "லாரி ஓட்டிட்டிருக்கேன் மச்சான், அப்புறம் பேசறேன்" என்கிறார். இரண்டு மாதமாக அவர் லாரியை நிறுத்தவே இல்லை போலிருக்கிறது. வேறு வழி தெரியாமல் பேனாவை எடுத்திருக்கிறேன்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? உள்ளே வைத்த தகடு வலிக்கிறதா? குளிர் நாளில் இழுத்துப் பிடிக்கும் என்று எங்கள் ஸ்டூடியோ முதலாளி சொல்கிறார். அவருக்கு முழங்காலில் அப்படி ஒன்று இருக்கிறது.

தப்பு என்னுடையதுதான் அக்கா. உன் கடைப் பின்னறைக் கூரை மூலையில் அந்தச் சிலந்தியைப் பார்த்ததுமே எனக்கு நிதானம் போய்விட்டது. முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு, இரை தின்னாமல் தொங்கிக்கொண்டிருந்த தாய். அன்று அவை பொரியவும் தொடங்கியிருந்தன. முட்டை பொரிந்து குட்டிகள் வெளிவருவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷமாக அலைகிறேன் என்பது உனக்குத் தெரியும். அடையாள அட்டைக்கு முகம் முகமாகப் பிடித்துத் தள்ளுகிறவனுக்கு வாழ்க்கையில் வேறு என்ன ஆசை இருக்கிறது? கேமராவை ஏணி உச்சியில் இறுக்கிக் கட்டினேன். நீ முடி வெட்டும் நாற்காலியை உள்ளே இழுத்து, உயரம் ஏற்றி, அதன்மேல் உன்னை நிற்க வைத்து, விளக்கைக் கையில் கொடுத்து, "அசையாதே, மூச்சைக்கூட மெதுவா விடு" என்றேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும் என்பதற்காக நாற்காலியின் சுழல்பூட்டை எடுத்துவிட்டுத் திருப்பியதும் நான்தான். திரும்பப் போட்டிருக்க வேண்டும். மறந்தேன். நாற்காலி சுழன்றது, நீ விழுந்தாய். கத்தரி பிடித்துப் பிழைக்கிற கை அது. அதைப் போய் உடைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இரண்டு நாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு ஊருக்கு வண்டி ஏறிவிட்டேன். இருந்திருக்க வேண்டும். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத் தாளைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம். அன்று எடுத்ததில் ஒரு படம் நன்றாக வந்திருக்கிறது. இங்கே அருங்காட்சியகத்தில் சின்ன உயிர்களுக்கென்று புதிதாக ஒரு கூடம் கட்டுகிறார்கள். அதன் வாசல் சுவர் முழுக்க அந்த ஒரே படத்தைப் பெரிதாக வைக்கலாமா என்று கேட்கிறார்கள். உன்னைக் கேட்காமல் சரி என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்தச் சிலந்தி இன்னும் அங்கேதான் இருக்கிறதா? குட்டிகள்?

எட்டுக்கால்

பிப்ரவரி 21

எட்டுக்காலுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும். முடிந்த மட்டும் படி.

நாற்காலிக்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது என் கடை நாற்காலி. பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஏறியது என் புத்தி.

நான் கேட்பது வேறு. விழுந்தேன். கை மடங்கிக் கிடந்தது. கத்தினேன். அதற்குப் பிறகு மேலே 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் நீ ஏணியிலிருந்து இறங்கினாய்.

அது என்ன சத்தம் என்று எழுது.

எந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது என்கிறாய்? அதை அனுப்பு. பார்க்காமல் நான் எதற்கும் தலையாட்ட முடியாது.

சிலந்தி இருக்கிறது. குட்டிகளும்.

அக்கா

மார்ச் 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் வேலை பார்த்தேன். வருகிறவர்களிடம் "கண்ணை மூடாதீங்க, மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மனம் உன் இடது கை எழுத்திலேயே இருந்தது.

நீ கேட்ட சத்தம் கேமராவினுடையதுதான். மறைக்கவில்லை. ஆனால் நீ நினைப்பது போல் இல்லை அக்கா. என் விரல் பொத்தான்மேலேயே இருந்தது. நீ விழுந்த அதிர்ச்சியில் உடம்பு தூக்கிப்போட்டது. விரல் தானாக அழுந்திவிட்டது. பயத்தில் பிரேக்குக்குப் பதிலாக வேறெதையோ மிதித்துவிடுவதில்லையா, அதைப் போலத்தான். மாமாவைக் கேட்டுப் பார், அவருக்குத் தெரியும்.

அப்படித் தற்செயலாக விழுந்த படம்தான் இது. சின்னதாக ஒரு பிரதி போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். உன் கையிலிருந்து நழுவிய விளக்கு தரையில் மல்லாந்து எரிந்துகொண்டிருந்ததால் வெளிச்சம் கீழிருந்து வந்திருக்கிறது. இந்தச் சிலந்தியைப் படம் பிடிப்பதில் என்ன கஷ்டம் என்று உனக்கே தெரியும். உடம்பு பாதி கண்ணாடி. ஃபிளாஷ் அடித்தால் பின்னாலிருக்கும் வெள்ளைச் சுவர்தான் தெரியும், பூச்சி கரைந்துபோகும். விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் பயந்து பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். இதில் சுவர் முழுக்க இருட்டு. தாயும் குட்டிகளும் மட்டும் தெரிகின்றன. அருங்காட்சியக அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வெளிச்சத்தை எப்படி சார் கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். "அமைஞ்சுபோச்சு மேடம்" என்றேன். "அடக்கத்தைப் பாருங்களேன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

மாத முடிவுக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். குட்டிகள் வளர்ந்த பிறகு எடுத்த படமும் இரண்டு மூன்று இருந்தால் பக்கத்தில் வைக்கலாமாம். ஏப்ரலில் ஒரு தடவை வரட்டுமா? உனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்க மாட்டேன். பின்னறையில் என் பாட்டுக்கு நின்றுவிட்டுப் போய்விடுவேன். அதுவரை அந்த மூலையில் மட்டும் யாரையும் பெருக்க விடாதே.

எட்டுக்கால்

மார்ச் 17

எட்டுக்காலுக்கு,

கட்டைப் பிரித்து நாளாகிறது. மணிக்கட்டு என்னுடையது மாதிரியே இல்லை. யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறாள். பந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

கடையில் இப்போது நான் ஒப்புக்குச் சப்பாணி. வருகிறவர்களை உட்கார வைப்பேன், துண்டு போடுவேன், வெட்டுவது முழுக்கச் சாயக்காரிதான். தலைச்சாயம் பூச மட்டும் வந்தவள், இப்போது எல்லாத் தலையும் அவள் கையில். என் வாடிக்கைக்காரர் ஒருவர் போன வாரம் அவளிடம், "அக்காவ விட நீ பதமா வெட்டறேம்மா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சிரித்து வைத்தேன். ஊருக்கெல்லாம் தலை சீவியவளுக்குத் தன் தலையைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. உன் மாமா வீட்டிலிருக்கும் நாளில் அவர்தான் பின்னிவிடுகிறார். சரக்கைக் கட்டுகிற மாதிரி கட்டுகிறார். இழுத்து ஒரு முடிச்சு, மறுபடி ஆட்டிப் பார்த்து இன்னொரு முடிச்சு. சாயங்காலம் அவிழ்க்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது.

படத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல். நன்றாக இல்லாமலிருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு உன்னைத் திட்டியிருப்பேன்.

எனக்குக் கேமரா தெரியாது. ஆனால் உனக்கு எத்தனை வருஷம் விளக்குப் பிடித்திருக்கிறேன்? சுவரோரம், செடியோரம், மொட்டைமாடித் தொட்டியோரம் என்று எங்கெல்லாம் நிறுத்தியிருக்கிறாய். விளக்கு ஒரு சாண் தள்ளினால், "இருட்டாயிடுச்சு, கிட்ட கொண்டா" என்று கத்துவாய். ஒரு சாணுக்கே இருட்டு. அன்றைக்கு விளக்கு தரையில் கிடந்தது. பூச்சி கூரையில். நீ ஒன்றையும் தொடாமல், விரல் மட்டும் தானாக அழுந்தியிருந்தால் படம் கரிக்கட்டையாகத்தானே வந்திருக்க வேண்டும்? குட்டியின் கால்கூடத் தெரிகிறதே.

வெளிச்சம் பற்றாதபோது நீ ஒரு திருகைத் திருப்புவாயே. அதைத் திருப்பினாயா இல்லையா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. பிரேக்கு, கிளட்சு என்று உன் மாமாவைச் சாட்சிக்கு இழுக்காதே. திருப்பினேன், திருப்பவில்லை, இரண்டில் ஒன்றை எழுது. அதற்குப் பிறகு சுவரில் வைப்பதா கூரையில் வைப்பதா என்று பேசலாம்.

உன் சிலந்திக் குடும்பம் சௌக்கியம். குட்டிகள் பெரிதாகி ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொண்டன. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏப்ரலில் வருவதானால் வா.

அக்கா

மார்ச் 26

அக்காவுக்கு,

திருப்பினேன்.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்து உறையில் போட்டேன். ஒட்டப் போகும்போது மறுபடி வெளியே எடுத்தேன். பாதி உண்மை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்க்கிறாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

நீ விழுந்த சத்தத்தில் சிலந்தி சுழல ஆரம்பித்தது. நான் கீழே பார்த்தேன். நீ அசைகிறாய், கத்துகிறாய், உயிருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. கத்துகிறவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டது. கேமராவின் கண்ணாடிக்குத் திரும்பினேன். கீழிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நான் எத்தனை வருஷமாகக் காகிதம் ஒட்டியும் துணி கட்டியும் உன்னைச் சாய்த்து நிமிர்த்தியும் கொண்டுவர முடியாத வெளிச்சம். இருட்டாக இருந்தது, திருகைத் திருப்பினேன். சிலந்தி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தேன்.

அப்படிக் காத்திருந்ததைத்தான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். திருகைத் திருப்பியதைக்கூடக் கைப்பழக்கம் என்று சொல்லிவிடலாம். காத்திருப்பது அப்படி இல்லை. நீ "டேய், டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். எனக்குக் கேட்டது. ஒரு நிமிஷம் இரு அக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் பூச்சி மறுபடி சுழன்றுவிடும். அது நின்றது. பொத்தானை அழுத்தினேன். பிறகு இறங்கினேன்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எரிந்தது என் சொந்த வீடு.

நாற்காலிப் பூட்டுக்காக அத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேனே, ஏன் என்று இப்போது புரிகிறது. அது மறதி. மறதிக்கு யாரும் மன்னிப்பார்கள். அதை முன்னால் நிறுத்திவிட்டு இதைப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

போன வாரம் ஸ்டூடியோவுக்கு ஓர் அம்மா வந்தார். தோளிலிருந்து கட்டுத் தொங்கியது. படத்தில் கட்டு விழக்கூடாது என்பதால், "கையைக் கொஞ்சம் கீழ இறக்குங்கம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "இறங்கினா இறக்க மாட்டேனா தம்பி?" என்றார். அதற்குப் பிறகு என்னால் அன்றைக்கு ஒரு முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை. முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை வருகிறேன். ஏணி கொண்டுவரவில்லை. கேமராவும் கொண்டுவரவில்லை. உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன். சிலந்தியைக் கண்ணால் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் அதையும் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தில் இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

எட்டுக்கால்

மார்ச் 31

எட்டுக்காலுக்கு,

இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று வேகத் தபாலில் போடுகிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததுதான். சந்தேகமாகத் தெரிந்தது ஒன்று, உன் கையெழுத்தில் வருவது வேறு. "டேய், டேய்" என்று கூப்பிட்டதை நான் மறந்தே போயிருந்தேன். நீ ஞாபகம் வைத்திருக்கிறாய்.

உன்னை நன்றாக நாலு வார்த்தை கேட்டு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதுதான் இப்போது என் கஷ்டம்.

வந்தால் அந்த மூலையைப் பார்ப்பாய். அங்கே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கட்டுப்போட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நேராகப் பின்னறைக்குப் போனேன். ஒட்டடைக் கம்பை இடது கையில் எடுத்தேன். அது சுழன்றது. நான் விடவில்லை. குட்டிகள் தாயைச் சுற்றியேதான் தொங்கிக்கொண்டிருந்தன. தூசி மாதிரி கொட்டின. தரையில் விழுந்ததைச் செருப்புக் காலால் தேய்த்தேன். சாயக்காரி கதவோரம் நின்று, "போதும் விடுங்கக்கா, செத்துடுச்சு" என்றாள். அப்படியும் தேய்த்தேன்.

அந்தப் பூச்சி என்னடா செய்தது? வாயில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தது. அது என்னை நாற்காலியில் ஏறச் சொல்லவில்லை. உன்மேல் காட்ட முடியாததை அதன்மேல் காட்டினேன். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்கிற கதையாக, நீ செய்தது பாவம், நான் செய்தது கோபம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இருக்கிறது, இருக்கிறது என்று உனக்கு எழுதினேனே, அது ஏன் தெரியுமா? நீ ஏணியும் கேமராவுமாக ஆசை ஆசையாக வந்து, வெறும் மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், உன் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அதற்குத்தான். குட்டிகள் மூலை பிடித்துக்கொண்டன என்று எழுதியபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. காத்திருந்தேன் என்கிறாய். நானும் காத்திருந்தேன். நீ ஏணி கொண்டுவரவில்லை என்று எழுதியதும் எல்லாம் புஸ்ஸென்று போய்விட்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகு வருவதானால் வா. வரப் பிடிக்காவிட்டால் வராதே. கதவு எப்போதும்போல் ஒன்பது மணிக்குத் திறக்கும்.

அக்கா

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

வரவில்லை. பேருந்து நிலையம் வரைக்கும் வந்தேன். பை மடியில் இருந்தது. இரண்டு வண்டியை விட்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன். உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. சிலந்தியை நீ அடித்ததைப் படித்ததும் எனக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வரவில்லை. கட்டுப்போட்ட கையோடு நீ கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் கண் முன்னால் வந்தது. அதைச் செய்ய வைத்தவன் நான். அந்தக் கணக்கும் என் தலையில்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு கடிதத்திலும் உன் கையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுக் கடைசியில் சிலந்தியை விசாரித்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் எதற்காக எழுதினேன் என்று உனக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்கும்.

நேற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ப் படத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சுவரையே உங்க படத்துக்காகத்தான் சார் காலியா விட்டிருக்கோம்" என்றார். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். பெரிய சுவர்தான், சாம்பல் வண்ணம் பூசி வெறுமனே நின்றது. வீட்டு விஷயம் மேடம் என்று மட்டும் சொன்னேன். "மாசக் கடைசி வரைக்கும் வேற படத்தைத் தேட மாட்டோம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க ஒன்றுமில்லை.

உன் வலியை விற்றுக் கிடைக்கிற பெயர் எனக்கு வேண்டாம். படத்தையே அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். இரண்டு தடவை அழிக்கிற பொத்தான்வரை போய்விட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். உனக்கு எழுதிவிட்டுச் செய்யலாம் என்று தோன்றியது. அது போய்விட்டால் நம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஆறும். அதற்குப் பிறகு உன் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் வரும்.

எட்டுக்கால்

ஏப்ரல் 18

எட்டுக்காலுக்கு,

இது வலது கையால் எழுதியது. இடது கையைவிட மோசமாக இருக்கிறது, தெரியும். பேனாவை நாலு தடவை கீழே போட்டேன். உன்னைத் திட்டுவதற்காக எடுத்த முயற்சி என்று வைத்துக்கொள்.

யாரைக் கேட்டுப் படம் வேண்டாம் என்றாய்? முதல் கடிதத்தில் அக்காவைக் கேட்காமல் எப்படி என்று எழுதினவன், வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. எடுக்கும்போதும் நீயே, அழிக்கும்போதும் நீயே. நடுவில் கை மட்டும் என்னுடையதா?

அது போய்விட்டால் ஆறும் என்கிறாய். உனக்கு ஆறும். படத்தை அழித்துவிட்டுத் துண்டைத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நிற்கலாம். எனக்கு? தகடு உள்ளேயே இருக்கும். மோதிர விரல் மடங்காது என்று பயிற்சி அம்மா நேற்றுத்தான் வாயைத் திறந்து சொன்னாள். இந்தக் கை போனது போனதுதான். அந்தப் படமும் இல்லை என்றால் நான் எதற்காகடா விழுந்தேன்? நாற்காலியிலிருந்து சும்மா விழுந்த ஒரு பொம்பளை, அவ்வளவுதானே? அந்தச் சிலந்தியும் இல்லை, அதன் பிள்ளைகளும் இல்லை. நானே அடித்துத் தேய்த்துவிட்டேன். அவை இருந்தன என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருப்பது நீ எடுத்த அந்த ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டு என்னிடம் வராதே.

இது கிடைத்த மறுநாள் காலையிலேயே போய் அந்த அம்மாவிடம் சுவரைக் கொடுக்கச் சொல். காலில் விழ வேண்டுமானால் விழு. விழுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

மன்னித்துவிட்டாயா என்று கேட்டு எழுதாதே. ஒரு நாள் மன்னித்த மாதிரி இருக்கிறது. மறுநாள் தம்ளர் கைநழுவி விழுந்தால் நீ ஏணிமேல் நிற்பது தெரிகிறது. இது எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது. தெரிந்தால் சொல்கிறேன்.

இப்போது நான் கேட்கப் போவதை நீ செய்ய வேண்டும். கத்தரியைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் போகிறது, மற்றது ஒத்துழைக்கவில்லை, பாதி வெட்டில் நின்றுவிடுகிறது. பழக வேண்டும். சாயக்காரி ஒரு ரப்பர் தலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் வெட்டினால் பயம் இல்லை. பயம் இல்லாவிட்டால் கை கற்றுக்கொள்ளாது. காசு கொடுத்து வருகிறவர்கள் தலையிலும் பழக முடியாது. உன் மாமாவைக் கேட்டேன், "லோடு ஏத்தணும்"னு ஓடிவிட்டார்.

அதனால் நீ வா. கூடத்தைத் திறக்கிற நாளுக்கு முதல் நாள் வா. நான் வெட்டுகிறேன். படிக்கட்டு மாதிரிதான் வரும், ஒரு பக்கம் காதுக்கு மேலே ஏறும், இன்னொரு பக்கம் இறங்கும். அந்தத் தலையோடு நீ போய் உன் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வேறு கடைக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளக் கூடாது. தொப்பியும் போடக் கூடாது. தலையை யார் வெட்டியது என்று எவராவது சிரித்தால், அக்கா வெட்டினாள் என்று சொல். வெளிச்சம் எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லித்தர மாட்டேன்.

அக்கா